55 மைல் போன சப்பர்

மட்டக்களப்பு வாகரைப் பக்கம் மிதிவெடி எடுக்கிற வேலையில நிண்ட காலத்துல எங்களுக்கு முதல் சொல்லித்தந்ததே அவசரப்படாத எண்டதுதான், துணிச்சல் காட்டுறவன யாருக்கும் பிடிக்காது. முகத்துக்கு வைசரும் உடம்புக்குக் கவச ஏப்ரனும் போட்டு வேர்க்க வேர்க்க ரேக்கால (தோட்டத்து முள்ளுவாரி மாதிரி) மண்ண வழிச்சு எடுத்தா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சில சதுர மீற்றர்தான் முடியும், ஜொனி எண்ட புலிகள்ட மிதிவெடி மரப்பெட்டியில செஞ்சது எண்டதால டிடெக்டரையும் முழுசா நம்ப ஏலாது. இப்பிடி வருசக்கணக்கா வழிச்சுத்தான் 2017ல இலங்கையிலயே முதலாவதா மட்டக்களப்ப மிதிவெடி இல்லாத மாவட்டமா அறிவிச்சாங்க.

எங்கட ட்ரெய்னர் தமிழ்நாட்டுக்காரர், ரிட்டயர் ஆன சப்பர், அதாவது ராணுவத்துல கண்ணிவெடி எடுக்கிற, பாதை போடுற பிரிவுக்காரர். டீ குடிக்கிற நேரம் ரெண்டாம் உலகப்போர்ல நிண்ட இந்திய சப்பர் ஒபிசர் பிரேமிந்திர சிங் பகத்தப் பத்திச் சொன்னார். 1941 பெப்ரவரி, எத்தியோப்பியா, மெதெம்மாவில இருந்து பின்வாங்கிற இத்தாலிக்காரனத் துரத்துற படைக்கு முன்னால போற கரியர்ல, அதாவது சின்னக் கவச வண்டியில, இந்த 22 வயசு ஒபிசர். 4 நாள், 55 மைல், 15 கண்ணிவெடி வயல், விடிஞ்சா பொழுதுபடும் வரைக்கும் வேலை. ரெண்டு தரம் கரியர் வெடிச்சுக் கூட இருந்தவங்க பாதிக்கப்பட்டாங்க, ஒருக்கா பதுங்கியிருந்து சுட்டாங்க, மனுசன் நிக்கல்ல. பிரிட்டிஷ்காரன்ட பெரிய வீர விருது விக்டோரியா குரொஸ் குடுத்தாங்க.

எங்கட பெடியன் ஒருத்தன் கேட்டான், "சேர், ஒண்டு வெடிச்சாலே நீங்க சைட்ட மூடி விசாரணை வைப்பீங்களே?"

"ஆமா தம்பி, பகத் நம்ம டீம்ல இருந்தா மொத நாளே வீட்டுக்கு அனுப்பிடுவேன்" எண்டு சிரிச்சார்.

அது சரிதான், ஏனெண்டா பகத்துக்கு வாகனம் போற அகலத்துக்குப் பாதை வேணும், எங்களுக்கு விறகு பொறுக்கப் போற பிள்ளை எங்க கால் வெச்சாலும் ஒண்டும் கிடக்கக் கூடாது. ஆனா எனக்குப் பிடிச்சது வெடிச்ச கதை இல்ல. காதுச்சவ்வு கிழிஞ்சு, களைச்சு விழுற நிலையிலயும் மாத்தாள் வேணாம் எண்டிருக்கார், இப்ப இந்த வேலை எனக்குத்தான் நல்லாத் தெரியும் எண்டு. வீரம் எண்டு எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க, எனக்கு அது தொழில் தெரிஞ்சவன்ட கதையாத்தான் படுது. புதைச்சவனுக்கும் ஒரு பழக்கம் இருக்கு, ஒரு வரிசையில ரெண்டு மூண்டு எடுத்தா அடுத்தது எங்க கிடக்கும் எண்டு கண்ணுக்கு ஒரு கணக்கு வரும், அந்தக் கணக்க புதுசா வாறவனுக்குப் பேப்பர்ல எழுதிக் குடுக்க ஏலாது. களைச்ச கண்ணுக்கு அதே கணக்கு எமனாகவும் வரும், அது வேற.

நான் எண்டா பகத்த வீட்டுக்கு அனுப்ப மாட்டன். ரேக்க வாங்கி வெச்சிட்டு, லேனுக்கு, அதாவது வெடி தேடுற கீற்றுக்கு, வெளிய கதிரை போட்டு இருத்தி, அடுத்தது எங்க கிடக்கும் சேர் எண்டு கேப்பன்.