பேச மறுக்கும் அண்டை வீட்டாருடன் சமாதானம்

ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளி உத்தி விளையாட்டில் பக்கத்திலேயே ஃபனாட்டிக் ப்யூரிஃபையர் சாம்ராஜ்யம் முளைத்தால் பலர் ஆட்டத்தை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார்கள். அப்படிச் செய்யத் தேவையில்லை. போன ஆட்டத்தில் எனக்கு அமைந்த அண்டை வீட்டார் இவர்கள்தான், காளான் முகம் கொண்ட ஓர் இனம். அவர்களோடும் சமாதானம் ஆனது.

தங்கள் இனத்தைத் தவிர வேறு எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது என்பதுதான் அவர்களின் கொள்கை. தூதரை அனுப்பி உறவை வளர்ப்பது, வணிக ஒப்பந்தம் போடுவது எதுவும் அவர்களிடம் எடுபடாது. பேசுவதற்கான வழி போர் தொடங்கிய பிறகுதான் திறக்கிறது. போர்த் திரையில் 'ஸ்டேட்டஸ் கோ' (இருக்கிற எல்லையோடு போரை நிறுத்தும் சமாதானம்) பொத்தானின் மேல் மௌஸை வைத்தால், அவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்பது கூட்டல் கழித்தலாக வரும். நான் அடிக்கடி பார்த்தது அதைத்தான். ஆரம்பத்தில் மைனஸ் மலைபோல் இருந்தது.

அதை மாற்றுவது வார் எக்ஸாஸ்ஷன், அதாவது போர்க் களைப்பு. கப்பல்களையும் படைகளையும் இழந்தால் ஏறும். சும்மா நாள் ஓடினாலும் கொஞ்சம் ஏறும். ஒரு தரப்புக்கு 100% ஆகி 24 மாதம் கழிந்துவிட்டால், எதிர்த்தரப்பு ஸ்டேட்டஸ் கோவைக் கட்டாயப்படுத்தலாம். ஆக, நம்முடையதைவிட அவர்களுடையது வேகமாக ஏற வேண்டும்.

எங்கள் எல்லைக்குள் வர ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியில் இருந்த சிஸ்டத்தின் (நட்சத்திர மண்டலத்தின்) ஸ்டார்பேஸில், அதாவது விண்வெளிக் கோட்டையில், கட்டுமான உலோகமான அலாய் முழுவதையும் கொட்டினேன். பீரங்கி மேடைகளான டிஃபென்ஸ் பிளாட்ஃபார்ம்கள் சுற்றி நின்றன, எதிரிக் கப்பல்கள் மேலே தாவுவதைத் தடுக்கும் எஃப்டிஎல் இன்ஹிபிட்டர் இருந்ததால் அதை விழவைக்காமல் அவர்களால் உள்ளே தாண்ட முடியாது. என் கப்பற்படை அந்தப் பீரங்கிகளின் நிழலிலேயே நின்று சண்டை போட்டது. ஓடுகிறவர்களை அவர்கள் எல்லை வரை துரத்தவே இல்லை. கை நிச்சயம் துறுதுறுக்கும், ஆனால் அங்கே போய் இழக்கும் ஒவ்வொரு கப்பலும் நம் கணக்கில்தான் ஏறும்.

ஒரே ஒரு காலனி மட்டும் அவர்கள் கையில் விழுந்தது. முழுப்போர் என்பதால் பிடித்த சிஸ்டம் அப்போதே அவர்களுடையதாகிவிடும், அங்குள்ள மக்களை அழிக்கவும் தொடங்கிவிடுவார்கள். திரையில் மக்கள்தொகை குறையும்போது மனசு கேட்கவில்லை. ஸ்டேட்டஸ் கோ கையெழுத்தானால் எல்லை இருக்கிற இடத்திலேயே நின்றுவிடும். அதனால் எண் பச்சைக்கு வந்த பிறகும் சமாதானம் கேட்கவில்லை. தரைப்படையை இறக்கி அந்தக் கிரகத்தை மீட்ட அப்புறம்தான் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

கிடைப்பது 10 ஆண்டு ட்ரூஸ் (போர்நிறுத்தம்) மட்டுமே. அவர்கள் நம்மை வெறுப்பதில் ஒரு மாற்றமும் இல்லை. அவர்களுக்கு மற்ற எல்லோரும் எதிரி என்பதால், அதே பயத்தில் இருக்கும் அக்கம்பக்கத்து சாம்ராஜ்யங்களோடு டிஃபென்சிவ் பேக்ட் (ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவிக்கு வரும் ஒப்பந்தம்) போட இதுதான் நல்ல நேரம். தூதர்களை அங்கே அனுப்புங்கள்.