டைமிங் பெல்ட் அறுந்த 1.9 டிடிஐ: ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னும் பின்னும்

2004 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா கார், 1.9 டிடிஐ (டர்போ டீசல்) இன்ஜின், எட்டு வால்வு. பெருந்துறை தாண்டி அறுபதில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு டக் சத்தம், அதோடு இன்ஜின் அணைந்துவிட்டது. ஓரங்கட்டி ஒரே ஒரு தடவை செல்ஃப் அடித்தேன். கம்ப்ரஷனின் முக்கல் எதுவுமே இல்லாமல் மோட்டார் மாதிரி விர்ரென்று சுற்றியது. பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்கையும் வால்வைத் திறந்து மூடும் கேமையும் இணைப்பது டைமிங் பெல்ட், அது அறுந்தால் திறந்தபடி நிற்கும் வால்வை பிஸ்டன் இடித்து வளைத்துவிடும். அந்த ஒரு தடவையும் அடித்திருக்கக் கூடாது, வளைந்த வால்வை பிஸ்டன் மறுபடி இடிக்கும்.

வீட்டுக்கு டோ செய்து மேல் கவரைத் திறந்தால் பெல்ட் துண்டாகக் கிடக்கிறது, ஒரு சாண் நீளத்துக்குப் பல்லே இல்லை. காரணம் வாட்டர் பம்ப். இந்த இன்ஜினில் அதையும் டைமிங் பெல்ட்தான் சுற்றுகிறது, பம்ப் பேரிங் இறுகி நின்றதும் பெல்ட் தேய்ந்து அறுந்திருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் பெல்ட்டை மட்டும் மாற்றி பழைய பம்பையே விட்டிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

புது பெல்ட் போட்டு ஓட்டிப் பாருங்கள் என்று சிலர் சொன்னார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்த வால்வு வளைந்தது என்று பெல்ட் இல்லாமலேயே சோதிக்க வழி இருக்கிறது. சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ ப்ளக் நான்கையும் கழற்றினேன் (முந்தின ராத்திரியே எண்ணெய் அடித்து ஊறவிட்டேன், பழைய ப்ளக் உள்ளே முறிந்தால் அது தனி வேதனை). கிராங்கை ஸ்பேனரில் மெதுவாகத் திருப்பி, ஃப்ளைவீல் குறியிலிருந்து (முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) 90 டிகிரி தள்ளி நிறுத்தினால் நான்கு பிஸ்டனும் பாதி வழியில் நிற்கும், எந்த வால்வும் இடிக்காது. கிராங்க் நகராமலிருக்க ஐந்தாவது கியர், ஹேண்ட் பிரேக். அப்புறம் கேமைக் கையால் திருப்பி ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வால்வும் மூடும்படி வைத்து, க்ளோ ப்ளக் ஓட்டை வழியாக 2 பார் காற்று விட்டேன். சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2, கேமைக் கால் சுற்று திருப்பினால் அடுத்த சிலிண்டர்.

முதல் சிலிண்டரில் ஆயில் மூடி வழியாக லேசான மூச்சு மட்டும், அது பிஸ்டன் ரிங் கசிவு, இயல்புதான். மூன்றாவதில் ஏர் ஃபில்டர் ஹோஸில் உஸ்ஸென்று காற்று, இன்டேக் வால்வு போச்சு. நான்காவது சுத்தம். இரண்டாவதில் சைலன்சர் வாயில் கை வைத்தால் காற்று படுகிறது, எக்ஸாஸ்ட்.

சரி, இரண்டு வால்வுதானே என்று ஹெட்டை (வால்வுகள் உட்கார்ந்திருக்கும் இன்ஜினின் மேல் பாகம்) கழற்றினேன். கேமை எடுத்துவிட்டு, கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் டேப்பட்கள் மேல் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் இரண்டு மட்டும் தாழ்ந்து கிடந்தன, காற்று சொன்ன அதே இரண்டு. ஆனால் சுத்தமென்று நினைத்த நான்காவதில் ஒரு டேப்பட்டின் தலையில் முடி மாதிரி விரிசல், துணியால் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. அந்த பிஸ்டன் மேல் கரியில் பளபளவென்று பிறை வடிவத் தடம். வால்வு வளையவில்லை, அடி மட்டும் மேலே போய் டேப்பட்டில் இறங்கியிருக்கிறது. காற்றுச் சோதனையை மட்டும் நம்பி இரண்டு வால்வு மாற்றி மூடியிருந்தால் அந்த டேப்பட் ஓட்டத்தில் உடைந்திருக்கும்.

மெக்கானிக் தம்பி “ஹெட் வேலைதாண்ணே, கீழ ஒண்ணும் பாக்க வேண்டாம்” என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. கனெக்டிங் ராடு துளி வளைந்தாலும் பிஸ்டன் உச்சியில் குறைவாகத்தான் எட்டிப் பார்க்கும். டயல் கேஜ் வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன்: 0.97, 0.96, 0.97, 0.95 மில்லிமீட்டர். நான்கும் ஒத்துப்போகின்றன, ராடு நேராகத்தான் இருக்கிறது. ஹெட்டுக்கு அடியில் வரும் கேஸ்கட்டின் தடிமனைக் காட்டுவது அதிலுள்ள ஓட்டைகளின் எண்ணிக்கை: 0.91 முதல் 1.00 வரை ஒற்றை ஓட்டை கேஸ்கட், பழையதிலும் ஒரு ஓட்டைதான்.

ஹெட் இப்போது லேத் கடையில். இந்த டீசல் ஹெட்டை முகம் சீவக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன், சீவினால் வால்வு பிஸ்டனை நெருங்கிவிடும். எட்டு வால்வும் புதிது, டேப்பட் எட்டு, ஹெட் போல்ட் பத்து, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் ஆர்டர் போட்டாச்சு. கேம் நேராக இருக்கிறதா என்று வி-பிளாக்கில் வைத்துப் பார்ப்பது மட்டும் பாக்கி.