கிளப் ஆப்பில் தனித்தனி லாகின் வாங்கிய கதை

"சார், பையன் வர்றானா, வரலையா? காலையிலேர்ந்து மூணு தடவை மாத்திட்டீங்க."

ஃபுட்பால் கோச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகன் ஆடும் கிளப்பின் ஆப்பில், 'வருவான்' என்று அழுத்தியது நான். 'வரமாட்டான்' என்று மாற்றியது அவன் அம்மா. அதைப் பார்த்துக் கடுப்பாகித் திரும்ப மாற்றியதும் நான்தான். கோச்சின் திரையில் மூன்றும் என் பெயரில். அணியில் கோல்கீப்பர் வேறு அவன். அவருக்கு நிச்சயமான பதில் வேண்டாமா?

நாங்கள் சேர்ந்திருந்தபோது என் மெயிலில் தொடங்கிய கணக்கு அது. ஒரே பாஸ்வேர்டை இரண்டு போனிலும் போட்டிருந்தோம். அப்போது அது வசதியாக இருந்தது. பிரிந்து இரண்டு வீடான பிறகும், ஒரு வாரம் அங்கே ஒரு வாரம் இங்கே என்று ஆன பிறகும், அதை யாரும் தொடவில்லை.

கோச்சின் அந்த போன் அழைப்புக்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றினேன். 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்தினேன். பாதுகாப்புக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கோபத்தில் செய்தது. ஓடிபி ஏற்கெனவே என் போனுக்குத்தான் வரும். ஆக, மகன் எந்த மைதானத்தில் ஆடுகிறான் என்று பார்ப்பதற்கு அவன் அம்மா ஆறு இலக்க எண் கேட்டு என்னிடம் வந்து நிற்க வேண்டும். அவர் கேட்கவில்லை.

கேட்காததற்கு ரோஷம் மட்டும் காரணமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஆப்பிலிருந்து காலண்டர் லிங்க் எடுத்துத் தன் போன் காலண்டரில் முன்பே சேர்த்திருந்தார். அந்த லிங்க்குக்கும் பாஸ்வேர்டுக்கும் சம்பந்தமே இல்லை. லிங்க்கை ரீசெட் செய்யும்வரை, அதை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் அட்டவணை தெரிந்துகொண்டே இருக்கும். அதனால் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று நினைத்திருக்கிறார். ஆனால் காலண்டர் நொடிக்கு நொடி புதுப்பிக்காது. தனக்கான நேரத்தில்தான் போய்ப் பார்த்துவரும், சிலவற்றில் மாற்றம் வந்துசேர ஒரு நாள்கூட ஆகும். ஒரு சனிக்கிழமை காலை பிராக்டிஸ் இடத்தை மாற்றினார்கள். நோட்டிஃபிகேஷன் எனக்கு மட்டும் வந்தது. அது அவர் வாரம். அவருக்கும் வந்திருக்கும் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன், வெளியேற்றியது நானே என்பதை மறந்து. பையன் கையுறையோடு காலி மைதானத்தில் அரை மணி நேரம் நின்றிருக்கிறான்.

அன்று மாலையே அவர் தனியாக ஒரு கணக்குத் தொடங்கி, மகனைப் புதிதாகப் பதிவு செய்துவிட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். செய்யக் கூடாததும் அதுதான். அணிப் பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு பையன்கள் முளைத்தார்கள். ஒருவன் தவறாமல் வந்தான், இன்னொருவன் தவறாமல் வரவில்லை. கட்டண பில்லும் இரண்டு.

இந்த இடத்தில் கிளப் செயலாளருக்கு மெயில் போட்டேன். பொறுமைசாலி அவர். இரண்டு பதிவையும் இணைப்பது அட்மினால் மட்டுமே முடியும் என்றார். நாங்களாக ஒன்றை அழிக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார். பழைய பதிவில் கட்டிய பணத்தின் கணக்கு இருக்கிறது, புதியதில் சமீபத்திய கையெழுத்துப் படிவம் இருக்கிறது, எதை அழித்தாலும் ஒன்று போகும். அடுத்து அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்க சார், கோர்ட் ஆர்டர் ஏதாவது இருக்கா?" இல்லை என்றேன். அப்படியானால் கிளப்பைப் பொறுத்தவரை இரண்டு பேரும் சமம், ஒருவர் சொன்னார் என்று இன்னொருவரை நீக்க மாட்டோம் என்றார். உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அதுதான் நியாயம். கிளப் அலுவலகத்தில் உட்கார்ந்து யாரும் எங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதற்கு நடுவே, பையன் பெயரிலேயே ஒரு லாகின் போட்டுக் கொடுத்துவிடலாமே என்று எனக்கு ஒரு யோசனை. அவனுக்கு 11 வயது. பல ஆப்களில் 13 வயது ஆனால்தான் சொந்தக் கணக்கு. 13 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளிடம் பெற்றோர் சம்மதமில்லாமல் விவரம் வாங்கக் கூடாது என்று அமெரிக்கா 1998இல் கொண்டுவந்த காப்பா சட்டம்தான் அந்த வரம்புக்கு மூலம். இந்த ஆப்பும் அப்படியே. முடியாமல் போனது நல்லதாயிற்று. எங்களுக்கிடையே தூது போகும் வேலையை அவன் தலையில் கட்டியிருப்பேன்.

கடைசியில் செய்தது எளிமையான விஷயம்தான். மகனின் ப்ரொஃபைல் ஒன்று, அதோடு இணைந்த பாதுகாவலர்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு மெயில், ஆளுக்கொரு பாஸ்வேர்ட். முதல் அழைப்பு லிங்க் நாங்கள் இருவரும் ஒரு காலத்தில் பகிர்ந்துகொண்டிருந்த பழைய மெயிலுக்குப் போய், யாரும் திறக்காமல் காலாவதியானது. இரண்டாவது போய்ச் சேர்ந்தது. ஆனால் 'பார்வையாளர்' என்று சேர்த்துவிட்டார்கள். அதில் அட்டவணையைப் பார்க்கலாம், வருகையைப் பதிய முடியாது. "நான் என்ன கேலரியில உக்காந்திருக்கவளா?" என்று மகனின் அம்மா செயலாளரிடம் கேட்டாராம். மூன்றாவது முறைதான் முழு உரிமை வந்தது.

மிச்சமிருந்தவற்றில் மண்டையைக் குடைந்தது முகவரிதான். ப்ரொஃபைலில் ஒரே ஒரு முகவரிக் கட்டம். அதில் ஒருவர் எழுதுவது மற்றவருக்கும் தெரியும், அமைப்பைப் பொறுத்து அணியின் மற்றப் பெற்றோருக்கும் தெரியலாம். எங்களுக்குள் அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பயந்து வீடு மாறி வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதையும் நிரப்புவதற்கு முன்னால் அட்மினிடம் பேசிவிடுவது நல்லது.

பணத்தில் ஒரே பில்லை இரண்டாகப் பிரிக்க ஆப்பில் வழியில்லை. பொருளாளர் பாதிப் பாதியாக இரண்டு பில் போட்டுத் தருகிறார். சேமித்து வைத்திருந்த என் கார்டை நீக்கிவிட்டேன். அவசரத் தொடர்பில் இரண்டு நம்பரும் இருக்கின்றன. யார் முதலில் என்று நாங்கள் விவாதிக்கத் தொடங்கியதும் கோச் குறுக்கிட்டு, ரெண்டு பேருக்கும் போன் அடிப்பேன் என்று முடித்துவிட்டார். இன்ஹேலர் பற்றிய குறிப்பை யார் திருத்தினாலும் மற்றவருக்குத் தகவல் வருகிறது. எனக்கு இந்த மொத்த ஏற்பாட்டிலேயே பிடித்தது அதுதான்.

வருகைப் பதிவில் இன்னும் முரண் வரத்தான் செய்கிறது. ஆனால் இப்போது யார் அழுத்தியது என்று பக்கத்திலேயே பெயர் வருவதால், கோச் நேராக உரியவருக்கே போன் செய்கிறார். போன மேட்சுக்குத் தண்ணீர் கொண்டுவருபவர்கள் பட்டியலில் இரண்டு இடம் காலியாக இருந்தது. நான் ஒன்றில் பதிந்தேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் இன்னொன்றில் அவர் பதிந்திருந்தார். பையனைத்தான் மற்ற பிள்ளைகள் கேட்டார்களாம், உங்க வீட்டுல மட்டும் ஏன்டா ரெண்டு பேருக்கும் வேலை என்று.