பிடியரிசி ரின்

எங்கள் கல்லூரி மலர்க்குழுத் தம்பிமார் போன் எடுத்து, "அண்ணை, கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றி ஏதும் எழுதித் தாங்கோ, பிரசங்கம் மட்டும் வேண்டாம்" என்றார்கள். பிரசங்கம் எனக்கு வராது. ஒரு பழைய லக்ஸ்பிறே பால்மா ரின்னைப் பற்றி வேண்டுமானால் எழுதலாம். அந்த ரின் எங்கள் கல்லூரி வளவுக்குள் வந்ததேயில்லை. ஆனால் கல்லூரியில் விளங்காத ஒரு பாடம் அந்த ரின்னைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

1994, யாழ்ப்பாணம். நான் ஒன்பதாம் வகுப்பு. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் நாங்கள் படித்த காலம். சமய பாடம் வந்தால் சைவப் பிள்ளைகள் முழுப்பேரும் வகுப்பிலேயே இருப்பார்கள். நாங்கள் ஏழு பேர் மட்டும் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துப் பக்க விறாந்தைக்குப் போவோம். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாங்கள்தான் விருந்தாளிகள் போல.

அங்கே படிப்பித்த சேர் அன்றைக்கு எடுத்தது எபேசியர் நிருபம், இரண்டாம் அதிகாரம். கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல என்று வருகிற இடம். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் கணக்குப் பார்க்கிற பொடியன். ஞாயிறு பள்ளிக்கு ஒரு கிழமையும் தவறாமல் போனதற்குப் பரிசு வாங்கியவன். பள்ளிக்கூடத்தில் இருக்கிற மாதிரியே கடவுளிடமும் ஒரு வரவு இடாப்பு இருக்கிறது, அதில் என் பெயருக்கு நேரே எல்லாம் சரி போட்டிருக்கிறது என்பது என் எண்ணம். தவணைப் பரீட்சைக்கு முன் நண்பர்கள் நல்லூரில் நேர்த்தி வைப்பார்கள். நான் ஒரு நேரம் சாப்பிடாமல் இருப்பேன். இரண்டும் ஒரே வியாபாரம்தான்.

சேர் கேட்டார்: "குரங்கு கிளைக்குக் கிளை பாயேக்கை, குட்டி தாயைப் பிடிக்குதோ, தாய் குட்டியைப் பிடிக்குதோ?"

"குட்டிதான் சேர்."

"பூனை?"

பூனை குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கும். குட்டி தொங்கிக்கொண்டு கிடக்கும். இது எங்கள் ஆட்கள் சொன்ன உவமையில்லை என்றும் சேர் சொன்னார். வைணவத்தில் வடகலையார் குரங்குக்குட்டி என்பார்கள், தென்கலையார் பூனைக்குட்டி என்பார்கள்; நூற்றாண்டுக்கணக்காக நடக்கிற வழக்கு. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு 1947இல் முதல் பேராயராக வந்த சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவமும் இந்து சமயமும் அருளைப் பற்றிச் சொல்வதை ஒப்பிட்டு 1964இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே வெளியிட்டார். ஊரில் இருந்துகொண்டு அப்படியொரு புத்தகம் எழுதின மனுசனை எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிரிக்கெட் ஓட்டங்கள் எல்லாம் நினைவிருக்கிறது.

"பூனைக்குட்டிக்கு ஒரு வேலையும் இல்லையோ சேர்?" என்று கொஞ்சம் நக்கலாகத்தான் கேட்டேன்.

"இருக்கு. தூக்கேக்கை உதறாமல் இருக்கிறது."

திரும்பி வரும்போது சைவ நண்பனிடம் சொன்னேன். அவன் பெரிதாக எடுக்கவில்லை. "இதென்ன புதுசே? அவனருளாலே அவன்தாள் வணங்கி எண்டு சிவபுராணத்திலை நாங்கள் ஒவ்வொரு வெள்ளியும் பாடுறமே" என்றான். கும்பிடுவதற்கே அருள் வேண்டும் என்றால், என் இடாப்பு என்னாவது?

இனி ரின். எங்கள் அம்மா சோற்றுக்கு அரிசி அளந்தால், உலையில் போட முதல் ஒரு பிடி எடுத்து அந்த ரின்னுக்குள் போடுவா. மூன்று சுண்டு அரிசி என்றாலும் ஒரு பிடி, ஒரு சுண்டு என்றாலும் ஒரு பிடி. பாட்டிமார் காலத்திலிருந்து வந்த வழக்கம். சேர்ந்த அரிசி சபைக்குப் போகும், அங்கிருந்து இல்லாதவர்களுக்குப் போகும். பொருளாதாரத் தடைக்காலத்தில் அரிசி விலை ஏற ஏறப் பிடி சின்னதாகும் என்று நான் கவனித்துப் பார்த்தேன். ஆகவில்லை. அம்மா யாரிடமும் கைமாற்று வாங்காதவ. கொடுக்கிற கை. அதில் அவவுக்கு ஒரு மெல்லிய பெருமையும் இருந்தது. மகன் என்ற முறையில் அதை நான் சொல்லலாம்.

1995 ஒக்ரோபர் 30. போர் நெருங்கி, யாழ்ப்பாணத்துச் சனம் ஊரைவிட்டு இடம்பெயர்ந்த இரவு. அந்த இரவைப் பற்றி இந்த மலரில் வேறு பலரும் எழுதுவார்கள். மழை, செம்மணி வெளி, நாவற்குழிப் பாலத்தில் அடிக்கு அடி நின்று நின்று நகர்ந்த சனம். அப்பாவின் சைக்கிளில் இரண்டு உரப்பை, ஒரு பாய், என் புத்தகங்கள், அந்த ரின்.

சாவகச்சேரிப் பக்கம் ஒரு ஆலய வளவில் மாமரத்துக்குக் கீழே இடம் கிடைத்தது. மூன்றாம் நாள் கையில் இருந்த மாவு முடிந்தது. அம்மா ரின்னை எடுத்துக்கொண்டு போதகரிடம் போனா, நான் பின்னால் போனேன்.

"ஐயா, இது காணிக்கை அரிசி. போன கிழமை குடுக்கேலாமல் போச்சு."

போதகர் மூடியைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மூடியை அழுத்திப் பூட்டி, ரின்னை அம்மாவின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"பிள்ளை, இண்டைக்கு உலை வையுங்கோ."

"ஐயோ, அது எங்கடை இல்லை ஐயா. அதிலை கை வைக்கேலாது."

"இல்லாதவைக்குத்தானே இது போறது. இண்டைக்கு உங்களிட்டை என்ன இருக்கு?"

அம்மா ஒன்றும் பேசவில்லை. முகம் கறுத்துப் போயிற்று. குண்டு விழுந்தபோதும் நான் பார்க்காத முகம் அது. மரத்தடிக்கு வந்து, ரின்னை மடியில் வைத்துக்கொண்டு, பின்னேரம் வரை அப்படியே இருந்தா. நான் பசியில் இருந்தேன். அவவில் கோவமும் வந்தது. பொழுதுபட்ட பிறகு எழும்பி, மூன்று கல் வைத்து, அடுப்பை மூட்டினா. ரின்னிலிருந்து அரிசியைச் சுண்டால் அளந்தா. உலையில் போட முதல் கை தன்பாட்டில் போய் ஒரு பிடியை எடுத்து ரின்னுக்குள் திரும்பப் போட்டது.

அப்பா சிரித்துவிட்டார். "உதுக்குள்ளையும் பிடியோ?"

அம்மாவும் சிரித்தா. பிறகு சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

1996இல் வீடு திரும்பினோம். பிறகு கொழும்பு, பிறகு கனடாவில் ஸ்காபரோ. எங்கள் தமிழ்ச் சபையில் மாதம் ஒருமுறை சாட்சி சொல்லும் நேரம் உண்டு. விசா கிடைத்தது கிருபை, வீடு வாங்கினது கிருபை, மகளுக்கு மருத்துவபீடம் கிடைத்தது கிருபை. நன்றி சொல்வதில் பிழையில்லை. ஆனாலும் நெளிவேன். அந்த இரவில் எங்களோடு பாலம் கடந்த ஒரு குடும்பம் வன்னிக்குப் போய்த் திரும்பவேயில்லை. எங்களைவிடக் கூடச் செபம் பண்ணினவர்கள். விசாவைக் கிருபை என்று எழுதினால் அவர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவது? எனக்கு விடை கிடைக்கவில்லை. அதனால் மைக்கை வாங்குவதும் இல்லை.

எனக்குத் தெரிந்த கிருபை சின்ன அளவில் வேலை செய்கிறது. அம்மாவை இங்கே எடுப்பித்த செலவில் சகோதரம் ஒன்று பங்கு தரவில்லை. ஐந்து வருடம் கொப்பியில் கணக்கு வைத்திருந்தேன், விமானச் சீட்டு முதல் மருந்து வரை. அவருடைய கிருபைகள் காலைதோறும் புதியவை என்று விடியற்காலை வேலைக்குப் போகமுதல் செபம் பண்ணிவிட்டு, பின்னேரம் வந்து அந்தக் கொப்பியில் கூட்டிப் பார்ப்பது ஒரு நாள் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கொப்பியை மூடினேன். மனம் இப்போதும் இடைக்கிடை கூட்டித்தான் பார்க்கிறது.

அம்மாவுக்கு இப்போது கை நடுக்கம். குளிக்க வார்க்க ஒரு பிலிப்பைன்ஸ் பெண் கிழமைக்கு மூன்று நாள் வருகிறா. முதல் இரண்டு மாதமும் அம்மா அவவை உள்ளே விடவில்லை. "என்ரை வேலையை நான் செய்வன்" என்று குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நிற்பா. போன மாதம் ஒரு நாள் கதவு பூட்டாமல் கிடந்தது. எட்டிப் பார்த்தேன். அம்மா கதிரையில் இருந்து தலையைக் குனிந்து கொடுத்திருந்தா. அந்தப் பெண் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தா.

சத்தம் கேட்டு அம்மா நிமிராமலே கேட்டா: "தம்பி, இந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்தனியே?"