பாறையில் எழுதிய பத்திரங்கள்

சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கிரயம், அடமானம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, உயில் என்று அடுத்தவர் சொத்துக் கதையைப் படித்தே காலம் போனது. ஓய்வு பெற்ற புதிதில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "இனிமே என்னக்கா, கோயில் குளம்னு போய் வருவீங்களா?" போய் வருகிறேன். ஆனால் இப்போது சாமி கும்பிட்டுவிட்டு உடனே திரும்புவதில்லை. சுவரில் எழுத்து இருந்தால் நின்று வாசிக்கிறேன். தமிழ் பிராமி என்றும் சொல்லப்படும் மிகப் பழைய எழுத்தான தமிழி, அதற்குப் பின் வந்த வட்டெழுத்து, வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்தம் மூன்றிலும் எழுத்துக் கூட்டுகிற அளவுக்கு வந்திருக்கிறேன். இந்த வயதில் அது எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நான் விண்ணப்பித்த ஒரு பயிற்சியில், வயது வரம்பைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது இன்றைக்கும் வருத்தம்தான். வேலை வாங்கித் தரும் படிப்புக்கு வயது பார்க்கலாம். கல்லில் இருப்பதை வாசிக்க எதற்கு வயது? நல்ல வேளையாக மதுரையில் வேறு வழிகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைகளுக்குக் கூட்டமாக நடந்து போகும் வழக்கம் இந்த ஊரில் வேர் பிடித்துவிட்டது. யானைமலையைக் காக்க வேண்டும் என்ற அக்கறையில் 2010-இல் உருவான பசுமை நடை என்ற குழு அதில் பெரிய பங்கு வகித்தது. அப்படி ஒரு ஞாயிறு நடையில் பழக்கமான ஒருவர்தான், தல்லாகுளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை மாலை கல்வெட்டு வகுப்பு நடக்கிறது என்று சொன்னார். கட்டணம் கிடையாது, வயதும் கேட்க மாட்டார்கள் என்றார். ஒத்தக்கடையிலிருந்து ஒரே பஸ். சேர்ந்துவிட்டேன்.

பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. முட்டி இடிக்கும். ஆசிரியர் தொல்லியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், நாங்கள் 'ஐயா' என்றுதான் கூப்பிடுவோம். கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் பேர், ஒரு ஆட்டோ ஓட்டுநர், ஒரு ஓய்வு பெற்ற வாத்தியாரம்மா, விளக்குத்தூண் பக்கம் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற தம்பி ஒருவர், அப்புறம் நான். தமிழியில் க என்பது கூட்டல் குறி. ர ஒரு நேர்கோடு. ட அரைவட்டம். வ என்றால் ஒரு வட்டமும் அதன் தலையில் ஒரு கோடும். நெடுக நிற்கும் கோட்டுக்கு அடியில் மட்டும் படுக்கைக் கோடு போட்டால் ந, மேலும் கீழும் போட்டால் ண. இவ்வளவும் பிள்ளைகள் ஒரு மாலையிலேயே மனப்பாடம் செய்துவிட்டார்கள். எனக்கு இன்னும் சில வாரம் பிடித்தது. ஆனால் எழுத்து தெரிந்த பிறகு வருவதுதான் உண்மையான வேலை. அங்கேதான் என் பழைய உத்தியோகம் எனக்குத் துணைக்கு வந்தது.

மேலூர் போகும் வழியில், மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரத்தில் ஓவாமலை என்று ஒரு குன்று. அதன் உச்சியில் சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளங்கள் உண்டு. உள்ளே கற்படுக்கைகள், நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி வெட்டிய காடி, அதை ஒட்டி எழுத்து. ஊர்க்காரர்களுக்கு அது பஞ்சபாண்டவர் படுக்கை. 1882-இல் ராபர்ட் சீவெல் இந்த எழுத்துகளை வெளியுலகத்துக்குத் தெரிவித்தார். இது தமிழ்தான் என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் காட்டினார். அதில் பாண்டியன் நெடுஞ்செழியன் பேர் இருக்கிறது என்று 1965-இல் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். காலம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்பது அவர் கணிப்பு.

இதைப் படிப்பதில் என்ன சிக்கல் என்றால், இந்தப் பழைய முறையில் க என்ற எழுத்துக்கும் கா என்ற எழுத்துக்கும் ஒரே பக்கக்கோடுதான். குறிலா நெடிலா என்று எழுத்து சொல்லாது, இடம் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் இதைக் கேட்டுத் திகைத்துப் போனார்கள். எனக்கு அதில் திகைப்பே வரவில்லை. அந்தக் காலத்துப் பத்திரங்களில் புள்ளி இருக்காது. ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று தெரியாது. எடுத்தவுடன் படிக்க வராது. யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார், எது சொத்து என்று மூன்றையும் முதலில் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக அவிழும். நான் வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் ஹெட்கிளார்க் ஐயா சொல்லிக் கொடுத்த வழி அது. ஓவாமலைப் பாறைக்கு முன்னால் நின்று அதையே செய்தேன். எழுதி வாங்குபவர் கணி நந்தன் என்ற துறவி. எழுதிக் கொடுப்பவர் நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுதி. சொத்து, கொட்டுவித்த பள்ளி, அதாவது துறவிகள் தங்கச் செதுக்கிக் கொடுத்த இந்தக் குகை. தானப் பத்திரத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரே வரியில் இருக்கிறது! வகுப்பெடுக்கும் ஐயாவிடம் சொன்னேன். "அப்படியே படிங்கம்மா, அதுதான் சரியான வழி" என்றார்.

பக்கத்துக் குகையில் இன்னொன்று. நெடுஞ்செழியனுக்கு உறவான இளஞ்சடிகன், அவனுடைய தந்தை சடிகன் செய்த பள்ளி. நாம் த/பெ என்று போட்டு மகனைத் தகப்பன் பேரால் அடையாளம் காட்டுவோம். இங்கே தகப்பனை மகன் பேரால் காட்டியிருக்கிறார்கள். மகன் ராஜ வீட்டு உறவு, அவனைச் சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். ஆள் அடையாளம் என்பதன் சூட்சுமம் அன்றைக்கும் இதுதான். எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனமில்லை. கீழே பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எல்லோரும் கத்தினார்கள்.

அழகர்மலையில், கிடாரிப்பட்டி வழியாக ஏறினால் இருக்கும் குகையில் கொடையாளிகள் பட்டியலே இருக்கிறது. மதுரைப் பொற்கொல்லர், உப்பு வணிகர், பாணித வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர். பாணிதம் என்றால் கரும்புப் பாகு, கொழு ஏர்முனை, அறுவை துணி. பேரோடு தொழிலையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். பதிவு அலுவலகத்தில் தொழில் என்ற இடத்தைக் காலியாக விட்டுவரும் ஆட்களை எத்தனை தடவை திருப்பி அனுப்பியிருப்பேன்!

பாத்திரத்தில் பேர் வெட்டுகிற தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வகுப்பில் வாய் திறக்க மாட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது என்ற கூச்சம். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்த பிறகு ஒரு ஞாயிறு எல்லோரும் போனோம். பானை ஓடுகளில் பேர் கீறியிருக்கிறது. ஆதன் என்று ஒன்று, குவிரன் ஆதன் என்று படிக்கக்கூடிய இன்னொன்று. பிள்ளைகள் எழுத்தைப் படித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற மாதிரி குனிந்து நின்றார். "அக்கா, இங்கிட்டு வாங்க" என்றார். ஒரு பானை ஓட்டைக் காட்டி, "இது சுட்டதுக்கு அப்புறம் கீறினது. கோடு மெலிசா இருக்கு, ஓரமெல்லாம் பொரிஞ்சிருக்கு பாருங்க. ஒரே இழுப்புல வரலை, அதே கோட்டை ரெண்டு மூணு தடவை தேய்ச்சிருக்காங்க. ஈரத்துல கீறியிருந்தா மண்ணு ரெண்டு பக்கமும் ஒதுங்கி கரை கட்டியிருக்கும்" என்றார். ஐயா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு, தம்பியை மறுபடி சொல்லச் சொன்னார். ஈரத்தில் கீறினால் பெரும்பாலும் குயவர் கை, சுட்டபின் கீறினால் பானைக்கு உடையவர் கை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வதையும் விளக்கினார். தம்பி முகம் அன்றைக்கு மலர்ந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. "அப்ப நம்ம தொழில்தானக்கா இது, ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே சட்டி பானையில பேர் போட்டிருக்காங்க" என்றார். அடுத்த வாரத்திலிருந்து முதல் பெஞ்சு. இப்போது கோட்டின் ஆழத்தில் சந்தேகம் வந்தால் ஐயாவே அவரைத்தான் கேட்கிறார்.

நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் ஒன்றைப் படிக்க வருகிறவரை வெறுங்கையோடு வந்தவர் என்று நினைக்கக் கூடாது. பத்திரம் படித்த கண், உளி பிடித்த கை, ஆட்டோ ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு கிராமத்தின் பழைய பேரும் தெரியும், இதெல்லாம் வகுப்புக்குள் வந்துவிடுகிறது. நடத்துகிறவர் அதற்கு இடம் கொடுத்தால் போதும். ஐராவதம் மகாதேவனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சட்டம் படித்து, 1954-இல் ஐ.ஏ.எஸ். ஆனவர். கல்வெட்டு அவருக்கு உத்தியோகம் அல்ல, ஆர்வம். தமிழிக் கல்வெட்டுகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 2003-இல் வந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார்.

எங்கள் யானைமலைக்கு வருகிறேன். நரசிங்கம் கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்தே போகிறேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, பிறகு என் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு. மலையைக் குடைந்து செய்த அந்தக் குடைவரையில் எழுத்து இருக்கிறது என்று தெரியும், என்ன என்று தெரியாது. வட்டெழுத்து ஓரளவு வந்ததும் முதலில் அங்கேதான் ஓடினேன். பராந்தக நெடுஞ்சடையன் என்ற பாண்டிய ராஜாவின் அமைச்சர் மாறன் காரி இந்தக் கற்றளியை, அதாவது கற்கோயிலைச் செய்தார். கிரந்தத்தில் இருக்கும் வடமொழிக் கல்வெட்டு கலியுக ஆண்டு 3871 என்று கணக்குச் சொல்கிறது, அதாவது கி.பி. 770. வட்டெழுத்துப் பகுதியில் நடந்தது இருக்கிறது. கோயிலைக் குடைந்து முடித்தவர், நீர் தெளித்துக் குடமுழுக்குச் செய்யும் முன்னே இறந்துபோனார். அவருக்குப் பின் அதே பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன், முகமண்டபம் கட்டி நீர் தெளித்தார்.

பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதிவுக்கு வரும் முன்னே காலமானவர்கள் எத்தனை பேரை எங்கள் அலுவலகம் பார்த்திருக்கிறது. வாரிசு வந்து முடித்துக் கொடுத்தால் சரி, இல்லாவிட்டால் வழக்குதான். தம்பி முடித்தார், அதோடு விடாமல் 'செய்தது அண்ணன், நான் முடித்து வைத்தேன்' என்று இருவர் பேரையும் கல்லில் போட்டார். அன்றைக்கு எழுத்தெழுத்தாகத் தடவாமல், விரலைத் தள்ளி வைத்துப் படித்து முடித்தபோது கண் நிறைந்துவிட்டது. அர்ச்சகர் என்னம்மா என்று பதறிப்போனார். அவருக்கும் படித்துச் சொன்னேன்.

வீட்டில் யாரும் தடுக்கவில்லை. பேத்தி என்னிடம் தமிழி கற்றுக்கொண்டு, தன் நோட்டு அட்டையில் எல்லாம் பேரை அந்த எழுத்தில்தான் எழுதுகிறாள்.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கீழக்குயில்குடி சமணமலையில் பேச்சிப்பள்ளம் என்று ஓர் இடம். அய்யனார் கோயில், தாமரைக் குளம், ஆலமரம் தாண்டிப் படியேறினால் சுனையை ஒட்டிய பாறையில் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றின் கீழே, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறது. அச்சணந்தி அந்தக் காலத்தில் பேர்பெற்ற சமண ஆசிரியர். ஆயிரம் வருடத்துக்கும் மேலாகக் குணமதியார் பேர் அங்கே நிற்கிறது. பெண் பேரில் பதிவாகும் சொத்துப் பத்திரம் என் சர்வீஸின் தொடக்கத்தில் எவ்வளவு அரிது என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த வரியை வகுப்பில் எப்போதும் நான்தான் படிப்பேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போக விரும்புகிறவர்கள் காலை ஆறரைக்குள் ஏறிவிடுங்கள். சாய்வெயிலில்தான் வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து தெரியும், உச்சிவெயிலில் பாறை ஒரே வெள்ளையாகத் தெரியும், காலும் சுடும். தண்ணீர், தொப்பி, வழுக்காத செருப்பு போதும். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று தயவுசெய்து சாக்பீஸால் மேலே எழுதாதீர்கள். ஒருவர் தப்பாகப் படித்துக் கோடு போட்டுவிட்டால், அடுத்து வருகிறவர் கண்ணுக்கு அந்தத் தப்புதான் தெரியும். பெயிண்டில் தங்கள் பேரையும் காதலி பேரையும் எழுதிவைத்தவர்களால் சில இடங்களில் பாதி வரி போய்விட்டது. பத்திர நகல் கிழிந்தால் மூலத்தைத் தேடிப் போகலாம். இதற்கு வேறு மூலம் கிடையாது. அடுத்த மாதம் கொங்கர்புளியங்குளம் போகிறோம், சனிக்கிழமை வகுப்புக்கு வந்தால் விவரம் சொல்கிறேன்.