ரோடு போடக் காசு உண்டு, ஒட்டுப் போடக் காசு இல்லை

நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் கேள்வி ஒன்றுதான். "வரி மட்டும் கரெக்டா வாங்குறீங்க, எங்க தெரு ரோட்டை எப்ப சார் போடுவீங்க?" ஓய்வு பெற்ற பிறகும் விடுவதில்லை. வேலையில் இருந்தபோது "நிதி வந்ததும் போடுவாங்க" என்று சொல்லி நழுவிவிடுவேன். இப்போது நேரம் இருக்கிறது, பயப்பட மேலதிகாரியும் இல்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த வரி. சொத்து வரி ரசீதில் ஒரே தொகைதான் தெரியும், ஆனால் எங்கள் பேரேட்டில் அது அப்படியே ஒரு இடத்தில் போய் உட்காராது. பொது நிதிக்கு ஒரு பங்கு, குடிநீர் வடிகால் நிதிக்கு ஒரு பங்கு, கல்வி நிதிக்கு ஒரு பங்கு. இதுபோக ரூபாய்க்கு 10 காசு நூலக வரி, அது நம் பணமே இல்லை, வசூலித்து நூலகத் துறைக்குக் கொடுக்க வேண்டியது. ரோட்டுக்கு எடுக்க முடிவது பொது நிதியில் இருந்து மட்டும்தான். அதிலும் மாதம் பிறந்ததும் சம்பளம், ஓய்வூதியப் பங்கு, தெருவிளக்குக்கு மின்வாரிய பில், குப்பை வண்டிக்கு டீசல், தூய்மைப் பணி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் வரிசையில் முன்னால் நிற்கும். ரோடு வரிசையின் கடைசியில்.

சரி, வரியைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். தமிழ்நாட்டு நகராட்சிகளில் 1998ல் ஒரு சீராய்வு, 2008ல் ஒரு சீராய்வு, அதன் பிறகு 2018ல் ஏற்றினார்கள். அடுத்த ஆண்டே, உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்ததும், நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். கூடுதலாகக் கட்டியவர்களுக்கு வரும் அரையாண்டுகளில் கழித்துக் கொடுக்கச் சொல்லி உத்தரவு. வந்த பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டது, ஒழுங்காகக் கட்டியவன் அடுத்த தவணைகளில் குறைவாகக் கட்டுகிறான், கட்டாமல் இழுத்தடித்தவன் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து "பாத்தீங்களா" என்கிறான். கணக்குப் பிரிவில் அந்தக் காலத்தில் இருந்த எல்லோருக்கும் தலைவலி மாத்திரை ஒரு செலவினம். கடைசியில் 2022 ஏப்ரலில்தான் மறுபடி ஏறியது, 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,800க்கு மேல் போனால் 100 சதவீதம் என்று படிப்படியாக. 2008க்கும் இதற்கும் இடைப்பட்ட பதினான்கு வருடத்தில் தார் விலை, ஜல்லி விலை, கூலி எல்லாம் எங்கே போய் நின்றன என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் மேலிருந்து வரும் பணம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறார்கள், மாநில நிதிக் குழுவின் ஆங்கிலச் சுருக்கமாக அதை நாங்கள் எஸ்.எஃப்.சி. என்போம். சின்ன நகராட்சிகள் மூச்சு விடுவதே இதனால்தான். ஆனால் அது கைக்கு வருவதற்குள் பழைய கடன் தவணை, கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கான பாக்கி என்று மேலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அனுப்புவார்கள். மத்திய நிதிக் குழு மானியத்தில் வேறொரு சிக்கல். 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு எங்கள் மாதிரி ஊர்களுக்கு ஒதுக்கியதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முடிச்சுப் போட்டு வந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இன்னும் மோசம், 2016 கடைசியில் இருந்து 2022 பிப்ரவரி வரை நகராட்சிகளில் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை, தனி அலுவலர் ஆட்சி, மன்றம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி அந்த மானியத்தையும் நிறுத்தி வைத்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்ல வேண்டும். ரோடு போட உண்மையில் பணம் வருகிறது. டுரிப் என்னும் நகர்ப்புறச் சாலை உட்கட்டமைப்புத் திட்டம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், நகர்ப்புறச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் என்று ஏதாவது ஒரு பெயரில் கோடிகள் வரத்தான் செய்கின்றன. வராதது குழிக்கு ஒட்டுப் போடப் பணம். எந்தத் திட்டத்திலும் குழியைச் சேர்க்க முடியாது. தெருவின் பெயர், நீளம், அகலம், வேலைக்கு முன் ஒரு போட்டோ, நடுவில் ஒன்று, முடிந்த பிறகு ஒன்று, கடைசியில் பயன்பாட்டுச் சான்று. இந்த வடிவத்துக்குள் முழு ரோடுதான் அடங்கும். ஒரு முழம் அகலக் குழி முதல் மழையில் வரும்போதே ஒரு சட்டி ஜல்லியும் தாரும் போட்டு அமுக்கினால் அந்தத் தெரு இன்னும் நாலு வருஷம் ஓடும். அதைச் செய்ய பொது நிதிதான் வேண்டும். பொது நிதியில் இல்லை. குழி பெரிதாகி, பக்கத்துக் குழியோடு சேர்ந்து, தெருவே கெட்டுப்போய், கவுன்சிலர் மன்றத்தில் கத்தி, அப்புறம் "மிகவும் பழுதடைந்த சாலை" என்ற தகுதியைப் பெற்று ஒரு திட்டத்துக்குள் நுழையும். அதாவது ரோடு நன்றாகக் கெட்டால்தான் அதற்குப் பணம். அரைகுறையாகக் கெட்ட ரோட்டுக்கு நாதி இல்லை.

பொது நிதியில் கொஞ்சம் காசு ஒதுக்கினாலும் ஒட்டுப் போட ஆள் வரமாட்டான் என்பது வெளியே யாருக்கும் தெரியாத சங்கதி. ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. திட்டப் பணி என்றால் பணம் ஏற்கெனவே ஒதுக்கி இருக்கிறது, எம்.புக் என்னும் அளவுப் புத்தகம் எழுதி, அளவு சரிபார்த்து, பில் போட்டால் சீக்கிரம் வந்துவிடும். பொது நிதிப் பணி என்றால் பில் என் மேஜையில் வந்து தூங்கும். நான் தூங்க வைக்கவில்லை, கொடுக்கக் கையிருப்பு இருக்காது. ஒரு தடவை பேட்ச் ஒர்க் டெண்டருக்கு ஒருத்தர்கூட வராமல் போக, ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், எனக்கு எதிரிலேயே ஒரு ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் இருந்தவர் சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது: "சார், பிளாண்ட்டு முப்பது கிலோமீட்டர். ஒரு லோடு கலவை ஏத்திட்டு வந்தா சூடு ஆறுறதுக்குள்ள கொட்டியாகணும். நீங்க பத்துத் தெருவுல பத்துக் குழி காட்டுவீங்க. ரெண்டாவது தெருவுக்குப் போறதுக்குள்ள அது தார் இல்ல சார், கல்லு. இதுக்கு பில்லு வேற அடுத்த பொங்கலுக்கு." ஏ.இ. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கையிருப்புப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். வேறு என்ன செய்வது. அந்த மழைக்காலத்துக்கு எங்கள் பணியாளர்களே குழிகளில் கிராவல் கொட்டினார்கள், மழை அதைக் கரைத்து வடிகாலுக்குக் கொண்டுபோனது, வடிகால் தூர் வார வேறொரு செலவு.

ரோடு வெட்டும் கட்டணத்தையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக் குடிநீர் இணைப்புக்கு, கேபிள் போட, கேஸ் குழாய் பதிக்க, யார் தெருவைத் தோண்டினாலும் அதைச் சரிசெய்யும் செலவை முன்கூட்டியே கட்ட வேண்டும். மண் தெருவுக்கு ஒரு ரேட், தாருக்கு ஒன்று, சிமென்டுக்கு ஒன்று. வெட்டிய இடத்தை மூடுவதற்கென்றே வாங்கும் பணம். அது எங்கே போகும்? பொது நிதிக்கு. பொது நிதி எங்கே போகும் என்றுதான் மேலே சொன்னேனே. தெருவைத் தோண்டக் கட்டிய காசில் தெருவிளக்கு பில் கட்டியிருக்கிறோம், சில மாதம் சம்பளமே கொடுத்திருக்கிறோம். இது எங்கள் ஊர் மட்டும் செய்த அதிசயம் இல்லை, வேறு ஊர்களில் இருந்து மாறுதலில் வந்தவர்களும் இதையேதான் சொல்வார்கள். இதைத் தனி வங்கிக் கணக்கில் வைக்கலாம் என்று நான் பல வருடம் குறிப்பு வைத்தேன். பார்க்கப்பட்டது என்று கையெழுத்தாகி வரும்.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் எல்லோரும் ரோடும் பஸ்ஸும் ஒரே சங்கதி என்று நினைக்கிறார்கள், அவர்கள் நினைப்பதுதான் சரி. ஆனால் அரசாங்கத்தில் அது இரண்டு துறை. தெரு நகராட்சியுடையது. பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது. பஸ் ஸ்டாண்டு மறுபடி நகராட்சியுடையது. வண்டி வாங்கும்போது கட்டும் சாலை வரி மாநிலக் கஜானாவுக்குப் போகிறது, திட்டம், மானியம் என்று சுற்றி வந்து எங்களுக்கும் கொஞ்சம் சேரும், ஆனால் எங்கள் தெருவைத் தேய்க்கிற வண்டி எங்கள் கணக்கில் நேராக ஒரு ரூபாய்கூடப் போடாது. தேய்வது வண்டியால், கட்டுவது வீட்டுக்காரன்.

எங்கள் ஊரில் நெசவாளர் காலனி வழியாக அரசு மருத்துவமனைக்கு ஒரு டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தது. பாதாளச் சாக்கடை வேலை அந்தப் பக்கம் வந்ததும் தெருவைக் கிழித்தார்கள். குழாய் பதித்து, ஆள்நுழைவுத் தொட்டிகளைக் கட்டி, மூடிகளை வரப்போகும் ரோட்டு மட்டத்துக்கு ஏற்ப ஒரு ஜாண் தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள். ரோடு வரவில்லை. மூடிகள் மட்டும் நின்றன. பஸ்ஸின் அடி தட்டி, ஒருநாள் ஸ்பிரிங் பட்டை முறிந்து நடுத்தெருவில் நின்றுவிட்டது. டெப்போவில் இருந்து கடிதம் வந்தது, சாலை பழுதடைந்துள்ளதால் தற்காலிகமாக மாற்றுப் பாதையில் இயக்கப்படுகிறது என்று. நாங்கள் பதில் போட்டோம், நிதி நிலைமைக்கேற்ப சீரமைக்கப்படும் என்று. இரண்டு கடிதமும் ஒழுங்காகக் கோப்பில் இருந்தன.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது அந்தக் காலனி வழியாக பஸ்ஸே இல்லை. வரி கட்டும் கவுன்ட்டரில் ஒரு அம்மா நின்றுகொண்டு, "தம்பி, பஸ்ஸு ஃப்ரீன்னாங்க, பஸ்ஸக் காணோமே" என்றார். மருத்துவமனையில் சுகர் மாத்திரை இலவசம், பஸ் இலவசம், ஆனால் அவர் போக ஷேர் ஆட்டோவுக்குப் போக வர முப்பது ரூபாய். மாத்திரை வாங்கப் போவதையே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆக்கிக்கொண்டதாகச் சொன்னார். நகராட்சிப் பேரேட்டில் அந்தத் தெருவுக்கு அந்த வருடம் செலவு பூஜ்யம். கழகத்தின் பேரேட்டில் பாதை மாறியதால் கொஞ்சம் டீசல்கூட மிச்சமாகியிருக்கும். அந்த முப்பது ரூபாயை எழுத எங்கள் இரண்டு அலுவலகத்திலும் ஒரு பத்தி கிடையாது.

பிறகு ரோடு வந்தது, ஒரு திட்டத்தில், நன்றாகவே போட்டார்கள். பஸ் வரவில்லை. ஏனென்றால் அதற்குள் டெப்போவில் டிரிப் நேரத்தை மாற்றி, டிரைவர் கண்டக்டர் டூட்டியை அதற்கேற்ப அமைத்துவிட்டார்கள். பழைய பாதைக்குத் திரும்பினால் ஒரு டிரிப் குறையும். கவுன்சிலர், அந்த வார்டில் ஜெயித்த ஒரு பெண்மணி, நடையாய் நடந்தார். கடைசியில் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மூன்று நடை விட்டார்கள். முன்பு அது மணிக்கொரு தரம் வந்துகொண்டிருந்த பஸ்.

மினி பஸ் இதற்காகத்தான் வந்தது. 1997ல் கொண்டுவந்தபோது பஸ் போகாத பகுதியில் 16 கிலோமீட்டர், போகும் பகுதியில் 4 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்தார்கள். எங்கள் ஊரில் நன்றாக ஓடியவை சில, டீசல் ஏற ஏற நின்றவை பல. 2025 ஜூனில் புதிய திட்டத்தில் நீளத்தை 25 கிலோமீட்டராக்கி மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். ஓடினால் நல்லது. ஆனால் சின்ன சக்கரம், தாழ்ந்த அடிப்பாகம், சொந்தக் காசு போட்ட முதலாளி. குழி விழுந்த தெருவை அரசு பஸ்ஸைவிட சீக்கிரம் கைவிடுவது இவர்கள்தான், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இத்தனைக்கும் பஸ்ஸால் நகராட்சிக்கு வருமானம் உண்டு. பஸ் ஸ்டாண்டுக் கடை வாடகை, உள்ளே வரும் பஸ்ஸுக்கு நுழைவுக் கட்டணம், சைக்கிள் ஸ்டாண்டு குத்தகை, கட்டணக் கழிப்பிடக் குத்தகை. சொத்து வரிக்கு அடுத்தபடியாக நாங்கள் நம்பி இருந்தது இதைத்தான். பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த பிறகு ஸ்டாண்டில் கூட்டம் கூடியது, பூக்கடைக்கும் டீக்கடைக்கும் ஏலத்தில் போட்டி ஏறியது. ஆக பஸ் ஊருக்குள் அதிகம் சுற்றினால் எங்களுக்குத்தான் லாபம். அந்த வருமானத்தில் ஒரு சின்னப் பங்கை, பஸ் போகும் தெருக்களின் குழிக்கு மட்டும் என்று ஒதுக்கினால் என்ன என்று ஒரு பட்ஜெட் கூட்டத்துக்கு முன் குறிப்பு தயாரித்துக் கொடுத்தேன். புதிய ஆணையர் ஒருவர் வந்திருந்தார், இளைஞர், அவர் அதைப் படித்தார். படித்தது மட்டுமில்லை, மன்றப் பொருளாகவும் வைத்தார்.

இதற்கு நடுவில் நமக்கு நாமே திட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். நல்ல திட்டம், எங்கள் ஊரில் சில தெருக்களில் பேவர் பிளாக் இதில்தான் வந்தது. ஆனால் பங்கு கட்ட முடிந்த தெருக்கள் எவை என்று பார்த்தால் ஏற்கெனவே கார் நிற்கும் தெருக்கள். வீடு வீடாக வசூல் பண்ணி, இரண்டு வீடு தராமல் போய், அந்த இரண்டு வீட்டு வாசலிலும் கல் பதிக்கக் கூடாது என்று சண்டை நடந்து, ஓவர்சீயர் போய்ச் சமாதானம் பண்ணியதும் உண்டு. நெசவாளர் காலனி இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

மன்றக் கூட்டத்தில் பஸ் தெரு ஒதுக்கீடு விவாதத்துக்கு வந்தது. எதிர்ப்பு வந்தது கட்சி பார்த்து இல்லை, வார்டு பார்த்து. பஸ் போகாத வார்டுகளின் கவுன்சிலர்கள் ஒரே குரலில், "எங்க வார்டுக்காரன் வரி கட்டலையா?" என்றார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான், பஸ் ஏற்கெனவே போகாத இடத்துக்கு இனியும் எதுவும் போகாது என்று ஆகிவிடும். அரை மணி நேரச் சத்தத்துக்குப் பிறகு தலைவர் எல்லா வார்டுக்கும் சமமாகப் பிரித்துவிடலாம் என்றார், கைதட்டல், தீர்மானம் நிறைவேறியது. பிரித்துப் பார்த்தபோது ஒரு வார்டுக்கு வந்தது ஒரு லோடு கலவைக்கும் பற்றாத தொகை. கூட்டம் முடிந்து ஏ.இ. என் அறைக்கு வந்து, மூன்று வார்டைச் சேர்த்து ஒரே எஸ்டிமேட்டாகப் போட்டால் பிளாண்ட் லோடுக்குச் சரியாக வருமா, தணிக்கையில் கேட்பார்களா என்று கேட்டார். வார்டு வாரியாகச் செலவுப் பட்டியலைத் தனியாக இணைத்துவிட்டால் கேட்கமாட்டார்கள் என்றேன். நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் அப்படித்தான் சேர்த்துச் சேர்த்துப் போட்டார்கள், பழைய பில் பாக்கியை முதலில் கொடுத்த பிறகு அந்த முப்பது கிலோமீட்டர்க்காரரே வந்து டெண்டரும் எடுத்தார்.