ஆன்டெனாவுக்கு எதிர்ப்பாரம்

ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் கூடுதல் தரைநிலையங்களை அணைத்துவிட்டு விளையாடத் தொடங்கி ஒரு வாரமாகிறது. அவை இருந்தால் விளையாட்டின் தாய்க்கோளான கெர்பினைச் சுற்றி எங்கே போனாலும் சிக்னல் கிடைத்துவிடும். செயற்கைக்கோள் வலைக்கே வேலையில்லை. இப்போது பேசுவதற்கு ஏவுதள மையம் ஒன்றுதான். கலம் அடிவானத்தைத் தாண்டினால் பேச்சு நின்றுவிடும்.

கையில் இருந்த ரிலே ஆன்டெனா, அதாவது ஒரு கலத்தின் சிக்னலை வாங்கி இன்னொன்றுக்குக் கடத்துவது, எச்ஜி-5 மட்டுமே. 70 கிலோ. சின்னக் கலத்தின் விலாவில் அதைப் பொருத்தி எஞ்சினை இயக்கியதும் கலம் ஒருபக்கமாகச் சாய்ந்து கரணம் போட்டது. கட்டுமானக் கூடத்தில் பார்த்தால், நிறைமையத்தைக் காட்டும் மஞ்சள் உருண்டை நடுக்கோட்டை விட்டு ஒதுங்கி நிற்கிறது. எதிர்ப்பக்கம் பேட்டரிகளை அடுக்கி நேராக்கினேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு.

கோளின் சுழற்சியோடு ஒட்டிச் சுற்றும் உயரம் 2,863 கி.மீ. அங்கே மூன்று செயற்கைக்கோள்கள் என்பது திட்டம். முதலாவது மையத்தின் தலைக்கு மேல் அசையாமல் நின்றது. இரண்டாவதை 120 பாகை தள்ளி விட்டேன், சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாத கலத்தில் எஞ்சின் ஓடினால் முழு வேகம், இல்லையென்றால் அணைப்பு. அந்த நிலையில் எந்தச் சுற்றுப்பாதையைத் திருத்துவது?

கணக்கை அதன் பிறகுதான் போட்டேன். இரண்டு ஆன்டெனாக்களின் திறனைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அவை எட்டும் தொலைவு வரும். இரண்டு எச்ஜி-5 என்றால் 5,000 கி.மீ. கெர்பினின் ஆரம் 600. உயரத்தையும் சேர்த்து முக்கோணம் வரைந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 6,000. ஏவுவதற்கு முன் காகிதத்தில் இரண்டு வரி எழுதியிருந்தால் போதும்.

ஒரே கலத்தில் இரண்டு ஆன்டெனா வைத்தால் திறன் இரட்டிப்பாகாது, 1.68 மடங்குதான். ஆனாலும் எல்லாக் கலங்களிலும் அப்படி வைத்தால் எட்டும் தொலைவு 8,400 கி.மீ. ஆகிவிடும். பேட்டரிகளைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இன்னொரு எச்ஜி-5 பொருத்தினேன். சாய்வும் போயிற்று, எட்டாததும் எட்டியது. வெறும் பாரமாக எதையோ சுமந்துகொண்டிருந்ததை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்படியும் 6,000 கி.மீ. தொலைவில் சிக்னல் 20 சதவீதம்தான். உயரத்தை 1,500-க்கு இறக்கினால் கலங்களுக்கு இடையே 3,640. சிக்னல் 60 சதவீதம். அசையாமல் நிற்கும் அழகை விட்டுக்கொடுத்தேன். மூன்று இருந்தால் எப்போதும் ஏதாவது ஒன்று மையத்துக்குத் தெரியும்.

மூன்றையும் ஒரே ராக்கெட்டில் ஏற்றினேன். அவற்றைச் சுமக்கும் தாய்க்கலத்தின் பாதை தாழ்வில் 505 கி.மீ., உச்சியில் 1,500. அதன் சுற்றுக்காலம் செயற்கைக்கோளுடையதில் மூன்றில் இரண்டு பங்கு. ஒவ்வொரு சுற்றிலும் உச்சியில் ஒன்றை விட்டால் இடைவெளி தானாக அமையும். உயரத்தைவிடச் சுற்றுக்காலத்தைத்தான் பார்க்க வேண்டும். 2 மணி 49 நிமிடம் 35 விநாடி. இதில் ஒரு விநாடி பிசகினால் கெர்பினின் ஓராண்டில் 32 பாகை விலகிவிடும். எஞ்சின் உந்துவிசையின் உச்சவரம்பைக் குறைத்து, தொட்டுத் தொட்டு நகர்த்தினேன். அரை மணி நேரம் பிடித்தது. இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அரை மணி அதுதான்.

அடுத்தது மன் என்னும் நிலாவின் மறுபக்கம். இந்த முக்கோணம் அங்கே உதவாது: இறங்கும் கலத்தின் சிறிய ஆன்டெனாவோடு சேர்ந்தால் 2,050 கி.மீ. வரைதான் எட்டும், நிலா இருப்பதோ 11,400-இல். அதைச் சுற்ற ஒரு ரிலே தனியாகப் போக வேண்டும். அதற்கும் இரட்டை எச்ஜி-5-தான். பேட்டரி ஒன்றே ஒன்று, நடுவில்.